பதினோரு பேர்

பிரிஷ்டினாவிலிருந்து ஒரு மணி நேரம்.
மதியச் சாப்பாடு கட்டணத்தில் சேர்த்தி, காப்பி சேராது.
பஸ் கிளம்பியதும் மைக்கில் சொல்வேன்:
என் பெயர் மிஹ்ரியே. என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.
பாலத்தின் நடுவில் மட்டும் கேட்காதீர்கள்,
அங்கே காற்று. காதில் எதுவும் விழாது.

பொய்தான்.
மித்ரோவிட்சாவில் இபர் ஆறு
பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுகிற அளவுக்குத்தான்
சத்தம் போடும்.

தென்கரை என் பாடு.
பாதிப் பாலத்தில், செத்த பூந்தொட்டிக்கும்
இத்தாலியச் சிப்பாய்களின் ஜீப்புக்கும் இடையில்
வடகரைக்காரன் தோப்ரிவோயே நிற்பான்.
அவன் மொழியில் நான் எண்ணிக் கொடுப்பேன்,
என் மொழியில் அவன் எண்ணி வாங்குவான்.
மூன்று வருஷமாக எங்களுக்குள்
எண்களைத் தவிர வேறு போக்குவரத்து இல்லை.

பிறகு இரண்டு மணி நேரம் நான் சும்மா.
குன்றின் மேல் சுரங்கத் தொழிலாளர் நினைவுச்சின்னம்,
இரண்டு தூண் தூக்கிப் பிடித்த ஒரு தொட்டி.
அதன் கீழே என் ஆட்களின் குடைகள் ஊர்வதைப்
பார்த்துக்கொண்டிருப்பேன்.
திரும்பி வருகிற ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர்
புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்வார்:
அந்தப் பக்கமும் இதே காப்பிதானே, இதே ரொட்டிதானே!
ஆமாம் என்பேன்.
இதே ரொட்டியைத் தின்றுதான்
ஒருவரையொருவர் துரத்தினோம்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை.
போனது பதினொன்று.
‘தியெத்’ என்றான் தோப்ரிவோயே.
நான் எண்ணிப் பார்த்தேன். ‘தெசெத்.’
இரண்டு மொழியிலும் பத்து.

பட்டியலில் விரல் வைத்துத் தேடினோம்.
ஹால்பெர்க், சுவீடன் பாஸ்போர்ட், அறுபது வயது,
சாம்பல் நிறக் கோட்டு,
காலையிலிருந்து ஒரு போட்டோ எடுக்காதவர்.

எங்கள் கம்பெனியின் காப்பீடு
பாலத்தின் பாதியோடு முடிகிறது.
தாண்டினேன்.
தரை அப்படியே இருந்தது. அதுதான்
கொஞ்சம் அவமானமாக இருந்தது.

மூன்றாவது தெரு, நான்கு மாடிக் கட்டிடம்.
மாடிப்படிக்குக் கீழே, விளக்கு போன இடத்தில்,
தபால் பெட்டிகளுக்கு முன்னால் நின்றிருந்தார்.
ஏழாம் எண் பெட்டி.
பெயர்ச்சீட்டின் மேல் பெயர்ச்சீட்டு ஒட்டி ஒட்டித்
தடித்துப்போன அட்டை.
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.
இரண்டு பெயர் உரிந்திருந்தது.
அதற்குக் கீழே பசையும் கறையும்தான்.

‘கழிவறை தேடினேன்’ என்றார் ஆங்கிலத்தில்.
தோப்ரிவோயே ஆங்கிலத்திலேயே கேட்டான்:
பாஸ்போர்ட் எங்கே?
அவர் கோட்டைத் தட்டினார்.
‘ஜெப்.’

என் மொழியில் ஜெப் என்றால் சட்டைப்பை.
தோப்ரிவோயேவின் மொழியிலும் சட்டைப்பை.
யார் யாரை இங்கிருந்து விரட்டினார்கள்,
இந்த ஒரு சொல்லை வைத்துச் சொல்ல முடியாது.
நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னை.
இருவருக்கும் ஒரே கணக்கு ஓடியிருக்க வேண்டும்:
இவர் உங்களவரா, எங்களவரா.
இருவரும் கேட்கவில்லை.
அது மரியாதையா பயமா என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

பஸ்ஸில் அவர் தூங்கினார், அல்லது கண்ணை மூடியிருந்தார்.
நக இடுக்கில் வெள்ளைக் காகிதத் துணுக்கு.
இறங்கும்போது ஐந்து யூரோ கொடுத்தார்.
என் மொழியில் நன்றி சொல்லிப் பார்த்தேன்.
புரியாத ஊரில் புரியாததற்குத் தலையாட்டுவார்களே,
அப்படி ஆட்டினார்.
நன்றாகவே ஆட்டினார்.

மறுநாள் மழை. எட்டே பேர்.
எண்ணி வாங்கிய பிறகும் தோப்ரிவோயே நகரவில்லை.
அந்த ஏழாம் எண், என்று நான் தொடங்கினேன்.

‘காற்று’ என்றான், என் மொழியில்,
காதைத் தொட்டுக் காட்டி.
எங்களுக்குள் எண் அல்லாத முதல் சொல்.

கீழே இபர்
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது.